‘சர்வர் டவுன்’ என்று சொல்லாமல் ஒரு வாரம்

எங்கள் மாநகராட்சியின் கணினி வரிவசூல் மையங்களில் ‘சர்வர் டவுன்’ என்ற இரண்டு சொற்களுக்கு மூன்று ஆண்டுகளாகத் தடை இருக்கிறது. சுற்றறிக்கை, அலுவலக ஆணை என்று எதுவும் கிடையாது; வாய்மொழியாகச் சொல்லி, மீறியவரைப் பிரிவு முழுவதற்கும் டீ வாங்கித் தரவைத்து, அப்படியே பழக்கமாகிவிட்டது. அந்தச் சொற்களைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீடு திரும்புகிறார். ஆட்டோ ஓட்டுநருக்கு அது அரை நாள் வருமானம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம். சொன்ன ஊழியருக்கும் உண்மையில் என்ன கோளாறு என்று தெரிந்திருப்பதில்லை. பெரும்பாலும் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பது இதில் வேடிக்கை. ஆகவே, எது வேலை செய்யவில்லை, எத்தனை மணிக்குள் சரியாகும், அதுவரை வந்தவர் வேறு என்ன செய்யலாம் ஆகிய மூன்றையும் சொல்ல முடியாத ஊழியர் தாமாகப் பதில் சொல்லாமல் கணினிப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம்.

தென்மாவட்டம் ஒன்றில் உள்ள மாநகராட்சியில் உதவி நிரலராகச் சேர்ந்து, இன்று கணினிப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேர். அவர்களில் நால்வர் ஒப்பந்தப் பணியாளர்கள். சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, கண்காணிப்புக் கேமரா, தெருவிளக்குப் புகார், மன்றக் கூட்டத்தின் மைக் வரை மின்சாரத்தில் ஓடும் எல்லாமே எங்களைத் தேடி வரும். ஆண்டில் இரண்டு வாரங்கள் எங்களுக்குத் தேர்வு வாரங்கள். தமிழ்நாட்டில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்த வேண்டியது. ஏப்ரல், அக்டோபர் ஆகிய தொடக்க மாதங்களுக்குள் செலுத்திவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய், ஊக்கத்தொகையாகக் கழியும். காலம் கடத்தினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். ஆகவே ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் ஊரே வரிசையில் நிற்கும். 2025 அக்டோபர் 27 திங்கள் முதல் அப்படி ஒரு வாரத்தில் நடந்ததை எழுதி வைத்திருந்தேன். தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கையில் காசு இல்லாத வாரம் என்பதால் எல்லாரும் கடைசி நாளுக்கே ஒத்திப்போட்டிருந்தார்கள்.

திங்களன்று சூரசம்ஹாரம். எங்கள் பிரிவில் ஒருவரும் வருவாய்ப் பிரிவில் பலரும் திருச்செந்தூருக்குப் போயிருந்தார்கள். அன்றுதான் குறைதீர் கூட்டமும். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், இறந்துபோன தம் தாயாரின் பெயரில் உள்ள வீட்டைத் தம் பெயருக்கு மாற்ற மூன்றாவது முறையாக வந்திருந்தார். பழைய ரசீதுகள் மழைவெள்ளத்தில் போய்விட்டன. வரிவிதிப்பு எண் நினைவில்லை. பெயரைச் சொன்னால் தேடித் தருவார்கள் என்று நம்பி வந்தவரிடம் இரண்டு முறையும் ‘சிஸ்டத்தில் இல்லை’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக வரி கட்டிய வீடு எப்படி இல்லாமல் போகும் என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆணையர் என்னைப் பார்த்தார்.

தாயாரின் பெயரை இங்கே சௌந்தரம் என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். கவுண்டரில் இருந்த ஊழியர் ‘சௌந்தரம்’ என்று சரியாகத்தான் தட்டச்சு செய்திருக்கிறார். பதிவேட்டில் இருந்ததோ ‘செளந்தரம்’. இரண்டையும் கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியாது. பல எழுத்துருக்களில் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. முதலாவதில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. இரண்டாவதில் எகரக் கொம்பும் அதன் பின் வரும் ‘ள’ என்ற எழுத்தும் தனித்தனிக் குறியீடுகள். கணினிக்கு இவை இரு வேறு பெயர்கள்.

இது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் தமிழில் பதிவேடு வைத்திருக்கும் எந்த அலுவலகத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கணினிமயம் தொடங்கிய காலத்தில் அரசு அலுவலகங்களில் வானவில்–அவ்வையார் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தார்கள். அவற்றில் ‘ள’ என்ற உருவமும் ஔகாரத்தின் வலப்பக்க உருவமும் ஒன்றே. தட்டச்சுப் பொறியிலும் அப்படித்தான். அச்சில் வந்தால் போதும் என்ற காலத்தில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. 2010ஆம் ஆண்டில் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறிமுறைகளான யூனிகோடையும் டேஸ்16ஐயும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட பிறகு, பழைய தரவுகளை மாற்று மென்பொருள் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். மென்பொருள் ‘ள’ உருவத்தைக் கண்ட இடமெல்லாம் ளகரமாகவே மாற்றிவிட்டது. அதற்கு வேறு வழியும் இல்லை.

ஔகாரம் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். ஸ்ரீதேவிகளும் ஸ்ரீதர்களும் இரு கூட்டமாகப் பிரிந்து கிடந்தார்கள். போதாததற்கு முதலெழுத்து: ஒரே முருகன் ஒரு ரசீதில் ‘சு. முருகன்’, மற்றொன்றில் ‘எஸ். முருகன்’.

செய்த வேலையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். அசல் பெயரில் கைவைக்கவே இல்லை. பதிவேட்டில் இருக்கும் பெயர் சட்டப்படியான ஆவணம், அதைத் திருத்தும் உரிமை கணினிப் பிரிவுக்குக் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தேடலுக்கு மட்டும் பயன்படும் இன்னொரு வடிவத்தைச் சேர்த்தோம். அதில் முதலெழுத்தை நீக்கினோம். இருவகைக் குறியீடுகளையும் ஒருவகையாக்கினோம். ர–ற, ந–ன–ண, ல–ள–ழ ஆகியவற்றை ஒன்றாக வைத்தோம். இரட்டித்த மெய்யை ஒற்றையாக்கினோம். தேடுபவர் தட்டச்சு செய்வதும் இதே வடிவத்துக்கு மாறிய பிறகே ஒப்பிடப்படும். இதனால் ‘வள்ளி’யைத் தேடினால் ‘வல்லி’யும் வந்து நிற்பார்தான், பத்துப் பெயரில் ஒன்றை மனிதர் தேர்ந்தெடுப்பது, பெயரே இல்லை என்று திருப்பி அனுப்புவதைவிட மேல். இந்த ஏற்பாட்டை ஒரு மண்டலத்தில் மட்டும் செய்துவிட்டு மற்ற மண்டலங்களுக்கு ‘அடுத்த மாதம்’ என்று ஓராண்டாகத் தள்ளிவந்தவள் நான்தான். அந்த அம்மாவின் வீடு மற்ற மண்டலத்தில் இருந்தது. அன்று மாலை அவருக்குத் தொலைபேசியில் வரிவிதிப்பு எண்ணைச் சொன்னபோது, நன்றி சொல்லவில்லை. ‘முதல் தடவையே இதைப் பார்த்திருக்கலாமேம்மா’ என்றார்.

செவ்வாய்க்கிழமையின் பெரும்பகுதி கோப்புகளிலேயே கழிந்தது. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. எங்கள் கவுண்டர்களில் உள்ள கணினிகளில் பாதிக்குமேல் விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகள். எல்லாவற்றையும் புதிதாக வாங்க நிதி இல்லை என்பது தெரிந்ததால், ஜூன் மாதத்திலிருந்தே ஒரு காரியம் செய்துவந்தோம்: உலாவியும் ரசீது அச்சுப்பொறியும் மட்டுமே தேவைப்படும் கவுண்டர்களை இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றினோம். ஊழியர்களிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, ஏனென்றால் அவர்கள் காலையில் உலாவியைத் திறந்தால் மாலையில்தான் மூடுகிறார்கள். தொல்லை கொடுத்தது டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி. ரசீதில் கட்டம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. மாற்ற முடியாத கணினிகளை மட்டும் பட்டியலிட்டு, வெளி இணையத்தை அவற்றில் அடைத்துவிட்டு, வாங்குவதற்கான கோப்பை அனுப்பினேன்.

பிற்பகலில் ஒரு நிறுவனத்தார், குப்பை அள்ளுவது முதல் கொசு ஒழிப்பு வரை எல்லாவற்றையும் ஒரே திரையில் செயற்கை நுண்ணறிவு வழியாகக் காட்டும் ஏற்பாடு ஒன்றை விளக்கினார்கள். படங்கள் அழகாக இருந்தன. 2015 ஜூன் 25 அன்று தொடங்கி 2025 மார்ச் 31 அன்று முடிந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள் இத்தகைய திரைகளைப் பார்த்துவிட்டன. அத்தகைய எந்த ஏற்பாட்டுக்கும் மூலதனச் செலவுக்கு எங்கிருந்தாவது நிதி வந்துவிடும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அது மாநகராட்சியின் பொதுநிதித் தலையில் ஏறும். ஆறாம் ஆண்டில் இதற்கு ஆகும் செலவு எவ்வளவு, உங்களோடு ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவு எந்த வடிவில் எங்கள் கைக்கு வரும் என்று கேட்டேன். முதல் கேள்விக்கு எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள். இரண்டாவதற்கு, ‘தரவு கிளவுடில் பத்திரமாக இருக்கும் மேடம்’ என்றார்கள். ஆணையர் சிரித்துவிட்டார்.

புதன்கிழமை காலை 10.40க்கு நான்கு வசூல் மையங்கள் ஒரே நேரத்தில் நின்றன. மூன்றாவது நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. மழைநீர் வடிகால் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபி, கண்ணாடி இழைக் கேபிளை அறுத்துவிட்டது. தோண்டியவர் எங்கள் பொறியியல் பிரிவின் ஒப்பந்ததாரர். அறுந்தது எங்கள் கேபிள். சாலையை வெட்ட அனுமதி கொடுத்த கோப்பு எனக்கு இரண்டு மாடி மேலே இருந்தது. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

ஒன்று அறுந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு வாங்கியிருந்தோம். அதற்காக மன்றத்தில் ஒரு உறுப்பினர் ‘ஒரு வீட்டுக்கு இரண்டு குழாயா’ என்று கேட்டதும் நினைவிருக்கிறது. அன்று இரண்டும் சேர்ந்தே போயின. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கடைசி முந்நூறு மீட்டர் தூரத்துக்கு இரு நிறுவனத்தாரின் கேபிளும் ஒரே குழாய்க்குள் வந்திருந்தன. ஒப்பந்தத்தில் ‘இரண்டு இணைப்பு’ என்று எழுதிய நான், ‘இரண்டு வெவ்வேறு பாதை’ என்று எழுதவில்லை. இணைப்பு எடுப்பவர்கள் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஒருமுறையாவது அதன் வழியே நடந்துபார்ப்பது நல்லது. நான் புதன்கிழமை, சேற்றில் நடந்தேன்.

கவுண்டர்களில் அந்த நேரத்தில் நடந்ததுதான் எனக்கு ஆறுதல். ஒவ்வொரு மையத்திலும் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் போட்ட, கணினிக்குச் செல்பேசி இணையம் தரும் இரண்டு டாங்கிள்கள் பெட்டியில் இருக்கும். மாதத்தின் முதல் வெள்ளியன்று அவற்றில் ஒரு ரசீதாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூன்று மையங்கள் கால் மணி நேரத்துக்குள் அவற்றின் வழியே ஓடத் தொடங்கின. நான்காவது மையத்தில் சிக்னல் இல்லை. அங்கே ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்கள்.

கணினி வந்த பிறகும் ரசீதுப் புத்தகம் எதற்கு என்று தணிக்கையிலேயே கேட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கியபோது, அத்தனை பெரிய மருத்துவமனை பல நாட்கள் காகிதத்தில்தான் நோயாளிகளைப் பதிந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எங்கள் கைவழி ஏற்பாட்டை ஒழுங்காக எழுதி வைத்தேன். எண்ணிட்ட புத்தகம் வருவாய் அலுவலரின் பூட்டில் இருக்கும். அவர் கையெழுத்திட்டு வெளியே எடுத்த நேரமும் திரும்ப வைத்த நேரமும் பதிவாகும். எழுதிய ரசீதுகளை அன்று மாலைக்குள் ஒருவர் கணினியில் ஏற்ற, மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்த்து வசூல் சிட்டாவில் கையொப்பமிட வேண்டும். மென்பொருளில் ஒரு சின்ன வசதியையும் கேட்டு வாங்கினோம்: பணம் பெற்ற தேதியும் கணினியில் ஏற்றிய தேதியும் தனித்தனியே பதிய வேண்டும். இல்லாவிட்டால் 31ஆம் தேதி கைரசீது பெற்றவருக்கு 1ஆம் தேதி ஏற்றும்போது ஊக்கத்தொகை போய்விடும். அவர் செய்த தவறு என்ன?

இழைகளை ஒட்டவைத்து இணைப்பு திரும்ப மாலை 4 மணி ஆனது. அதற்குள் நான்காவது மையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, கவுண்டரில் இருந்த இளைஞர் வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: ‘கேபிள் அறுந்துபோச்சு, நாலு மணிக்கு வந்துரும். பணமா கட்டுறவங்களுக்கு இப்பவே கையில ரசீது தரேன், ஜிபே பண்றவங்க பக்கத்து மண்டல ஆபீசுக்குப் போங்க, அங்க ஓடுது.’ அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்று மாலையே மாநகரப் பொறியாளரைப் பார்த்துப் பேசினோம். கேபிள் போகும் தெருக்களின் வரைபடம் எங்களிடம் இருந்தது. பொறியியல் பிரிவில் இல்லை. சாலை வெட்டு அனுமதிக் கோப்பில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்வாரியம் என்று ஒப்புதல் பெறும் இடங்கள் இருந்தனவே தவிர, கணினிப் பிரிவு என்று ஒரு கட்டம் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்தக் கட்டம் இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் வருவாய்ப் பிரிவிலிருந்து ஒரு எக்செல் கோப்பு வந்தது. பெருந்தொகை நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியலை இணையதளத்தில் போட வேண்டும் என்று குறிப்பு. பெயர், முகவரி, நிலுவைத் தொகையோடு செல்பேசி எண்ணும் சில வரிகளில் ஆதார் எண்ணும் இருந்தன. வரி கட்டாதவருக்கு என்ன மரியாதை என்பது அந்தப் பிரிவின் நியாயம். தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே நிறைவேறிவிட்டது. அதன் விதிகள் நான் சொல்லும் வாரத்துக்கு அடுத்த மாதம்தான் அறிவிக்கப்பட்டன. ஆனால் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஒருவருடைய செல்பேசி எண்ணை ஊருக்குக் காட்ட மாநகராட்சிக்கு ஒரு தேவையும் இல்லை. செல்பேசி எண், ஆதார் எண் ஆகிய இரண்டு பத்திகளையும் நீக்கித் திருப்பி அனுப்பினேன். அதைவிட எனக்குக் கவலை தந்தது, அந்தக் கோப்பு என்னிடம் வருவதற்கு முன்பே மூன்று வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவந்திருந்தது என்பதுதான். அதற்கு இன்றுவரை முழுமையான மருந்து கண்டுபிடிக்கவில்லை. கோப்பைப் பதிவிறக்கும்போதே செல்பேசி எண்ணின் நடு இலக்கங்கள் மறைந்து வரும்படி செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அன்றே இன்னொன்று. செவ்வாயன்று ஒரு ரசீது ரத்து செய்யப்பட்டிருந்தது. யார் பெயரில் அது பதிவாகியிருந்ததோ அந்த ஊழியர் அன்று திருச்செந்தூரில் திருக்கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கடவுச்சொல்லை எழுதிய சீட்டு விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தது. யார் உட்கார்ந்தது என்று பார்க்கக் கேமராப் பதிவை எடுத்தால், கேமராவின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் பதினொரு நிமிடம் வேறுபட்டன. எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் அரசின் நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் தேதியே இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி–இன் உத்தரவிட்டிருக்கிறது. சர்வர்களுக்கு அதைச் செய்த நாங்கள் கேமராக்களை மறந்துவிட்டோம்.

கடைசியில் அது மோசடி அன்று. தவறான வீட்டுக்குப் போட்ட ரசீதைப் பதிலாளாக வந்தவர் ரத்து செய்து சரியாகப் போட்டிருக்கிறார். ஏன் உங்கள் பெயரில் உள்நுழையவில்லை என்று அவரிடம் கேட்டேன். புதிய பயனர் கணக்குக்கு விண்ணப்பம் கொடுத்து மூன்று நாள் ஆயிற்று, உங்கள் பிரிவிலிருந்து இன்னும் வரவில்லை என்றார். கண்டிக்கப் போனவள் திரும்பி வந்தேன். பாதுகாப்பு விதியை ஊழியர்கள் மீறும்போதெல்லாம், அதைப் பின்பற்ற முடியாதபடி நாங்கள் எதையாவது தாமதப்படுத்தியிருக்கிறோமா என்று முதலில் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது, பெரும்பாலும் தாமதப்படுத்தியிருக்கிறோம். பதிலாளுக்கு அன்றைய மாலை 6 மணிக்குத் தானே காலாவதியாகும் கணக்கு ஒன்றை, வருவாய் அலுவலரின் ஒரு தொலைபேசி அழைப்பில் பத்து நிமிடத்துக்குள் தருவது என்று அன்றே மாற்றினோம். ரத்து செய்யும் அதிகாரத்தைக் கவுண்டரிலிருந்து எடுத்து மேலே வைத்தோம்.

வெள்ளிக்கிழமை 31ஆம் தேதி. அந்த வாரம் முழுவதும் மென்பொருளில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் பழைய கட்டுப்பாடு. சின்னத் திருத்தம்தானே என்று முன்பு ஒரு ஏப்ரல் 30 அன்று காலை நான் அனுமதித்த ஒரு மாற்றம், ஊக்கத்தொகையை இருமுறை கழித்து ரசீது போட்டது. அவற்றைச் சரிசெய்ய வீடு வீடாகக் கடிதம் அனுப்பினோம். அந்தக் கடிதங்களில் கையொப்பமிட்ட கை இன்னும் வலிக்கிறது.

காலை 8 மணிக்கே மையங்களைத் திறந்தோம். உச்ச நெரிசல் 11 மணிக்கு வரும் என்று எதிர்பார்த்தோம், அது கவுண்டரில். இணையத்தில் வந்தது மதிய உணவு வேளையில். அப்போது யூபிஐயில் பணம் வங்கிக் கணக்கில் கழிந்துவிட்டது, ரசீது வரவில்லை என்ற அழைப்புகள் தொடங்கின. பதறிப்போய் மறுபடி கட்டுபவர்கள்தான் இதில் அதிகம் துன்பப்படுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யூபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்திய பணம் உறுதியாகாவிட்டால் 5 நாட்களுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் ஊக்கத்தொகைக்குக் கடைசி நாள் இன்று என்றால், ஐந்து நாள் காத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? வருவாய் உதவி ஆணையரும் நானும் ஆணையரிடம் பேசி ஒரு முடிவெடுத்தோம். இன்று தொடங்கிய பரிவர்த்தனை பிறகு உறுதியானால் இன்றைய தேதியிட்டே வரவு வைக்கப்படும். திரும்பி வந்துவிட்டால், பரிவர்த்தனை எண்ணோடு வருபவருக்கு அவரவர் வங்கிப் பதிவைப் பார்த்து வருவாய்ப் பிரிவு முடிவு செய்யும். திரைப்பிடிப்புப் படத்தை மட்டும் ஆதாரமாக ஏற்பதில்லை. அதைத் தயாரித்துக் கொண்டுவருபவர்களும் நம் ஊரில் உண்டு.

இந்த முடிவைப் பெரிய எழுத்தில் எழுதி எல்லா மையங்களின் சுவரிலும் ஒட்டினோம், இணையதளத்தின் முகப்பிலும் போட்டோம். அழைப்புகள் ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தன. மென்பொருளில் எதையும் மாற்றாமல் அன்று நாங்கள் செய்த மிகப் பெரிய பழுதுபார்ப்பு அந்தக் காகிதம்தான். மாலை 5 மணிக்கு வரிசையில் நின்ற அனைவருக்கும் டோக்கன் கொடுத்துக் கதவை மூடினோம். கடைசி டோக்கனுக்கு ரசீது போடும்போது மணி 8.20. நடுவில் ஒருமுறை தலைமை அலுவலகக் கவுண்டரில் மூத்த ஊழியர் ஒருவர், ‘சார், சர்வர் ட...’ என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு, ‘பிரிண்டர்ல பேப்பர் சிக்கிருச்சு சார், ரெண்டு நிமிஷம்’ என்று முடித்தார். உண்மையும் அதுதான்.

அன்று வரிசையில் நின்றவர்களிடம் நான் பேச்சுவாக்கில் கேட்டது ஒன்று: ஏன் கடைசி நாள் வரை காத்திருந்தீர்கள், குறுஞ்செய்தி வரவில்லையா? பலரும் வரவில்லை என்றார்கள். எங்கள் கணக்கில் மூன்று முறை அனுப்பியாயிற்று, சென்றடைந்தது என்றும் பதிவாகியிருந்தது.

சனிக்கிழமை காலை அமைதியான அலுவலகத்தில் அமர்ந்து, ஒரே செல்பேசி எண் எத்தனை வீடுகளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு, மூன்று என்றால் குடும்பச் சொத்து. ஒரு எண் எண்பத்தேழு வீடுகளுக்கு இருந்தது. எல்லாம் அடுத்தடுத்த நான்கு தெருக்கள். அழைத்தேன், எடுத்தவர் அந்தப் பகுதியில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர். பன்னிரண்டு மணிவாக்கில் நேரிலேயே போனேன்.

ஒரு ஜெராக்ஸ் எந்திரம், இரண்டு கணினி, வாசலில் ‘இங்கு ஆதார், பான், சொத்துவரி ஆன்லைனில் செய்து தரப்படும்’ என்று ஒரு பலகை. செல்பேசி எண் இல்லாமல் விண்ணப்பம் நகராத மாதிரி படிவத்தை வடிவமைத்தது எங்கள் பிரிவு. வருபவர்களில் வயதானவர்களுக்கு எண் தெரியாது, சிலருக்குச் செல்பேசியே இல்லை. கட்டம் நிரம்ப வேண்டுமே என்று இவர் தம் எண்ணைப் போட்டிருக்கிறார். தம் செல்பேசியைத் திறந்து காட்டினார். மாநகராட்சியின் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. ‘உங்க மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் மேடம் வருது. முடிஞ்சவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிருவேன், மத்தவங்க கடைப் பக்கம் வந்தாச் சொல்லுவேன்’ என்றார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். கதவு எண், வீட்டுக்காரர் பெயர், மகன் அல்லது மருமகளின் செல்பேசி எண், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பது வரை கையால் எழுதியிருந்தது. எங்களிடம் உள்ள தரவைவிட அது சுத்தமாக இருந்தது.

அந்த எண்களைக் கொடுத்தால் எங்கள் பதிவேட்டில் திருத்திக்கொள்கிறோம் என்றேன். நோட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

‘குடுக்கலாம் மேடம். ஆனா அவங்க என்னை நம்பிக் குடுத்த நம்பரு. ஒவ்வொருத்தரையாக் கேட்டுட்டு, சரின்னு சொல்றவங்களோடத மட்டும் எழுதி வைக்கிறேன். புதன்கிழமை வாங்க’ என்றார்.